மரத்துப்போச்சுங்களா?

ஊசி போட்டால் எனக்கு மரத்துப்போகாது. இது என்னுடைய வெகுநாள் நம்பிக்கை. சாமி நம்பிக்கையைவிடக் கொஞ்சம் உறுதியானது என்றே சொல்லலாம். மகன் பிறந்த புதிதில் ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். அந்த டாக்டர் ஊசி போட்டார், சற்று நேரம் பேப்பர் படித்தார், குறடை எடுத்து வாய்க்குள் விட்டார். எனக்கு எல்லாமே தெரிந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, முடிஞ்சுது" என்றார். முடிந்திருக்கவில்லை. அதன் பிறகு பல் ஆஸ்பத்திரி போர்டு கண்ணில் பட்டாலே பஸ்சில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிற ஆளாகிவிட்டேன்.

அதனால் போன ஐப்பசி மழையில் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தபோது, டாக்டரிடம் போவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கிராம்பை ஓரமாக அடக்கிக்கொண்டு பாடம் நடத்தினேன். வாயில் கிராம்பு இருந்தால் 'முக்கோணம்' என்று சொல்ல வராது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். எதையும் இடது பக்கமே மென்றேன். காபியை ஆறவைத்துக் குடித்தேன். ஆறிப்போன காபிக்கு வலியே தேவலை.

ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். ஒருவருடைய நாத்தனாருக்கு வேர் சிகிச்சை செய்தபோது ஊசி ஏறவே இல்லையாம். இன்னொருவருடைய மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்து, வாயில் பஞ்சோடு வீடு வந்து சேர்ந்தாராம். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் "ஆனா நீங்க பயப்படாதீங்க டீச்சர்" என்று முடித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பயப்படுத்திவிட்டுப் பயப்படாதே என்று சொல்வதில் என்ன சந்தோஷமோ இவர்களுக்கு.

வீட்டுக்காரருக்கோ ஒரே சிரிப்பு. "பள்ளிக்கூடமே உன்னையக் கண்டு நடுங்குது. நீ ஒரு ஊசியக் கண்டு நடுங்கறயா?" என்றார். ஊசிக்கு நான் பயப்படவில்லை. ஊசி போட்ட பிறகும் மரக்காமல் போய், அந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடி மாட்டிக்கொள்வேனே, அதற்குத்தான் பயந்தேன். இதை அவருக்கு விளக்கிச் சொல்லப்போனால் அதற்கும் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் இன்னொரு வலியும் இருந்தது. முன் ரூமில் அப்பா படுத்திருந்தார்.

அப்பா சென்னிமலைப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். அம்மா போன பிறகும் தனியாகவே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார். புற்றுநோய் வந்து, அது முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் போத்தனூரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நான் ஒரே பிள்ளை, வேறு போக்கிடம் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் மகள் வீட்டில் வந்து நோயாகப் படுப்பதைக் கௌரவக் குறைச்சலாகத்தான் நினைப்பார்கள். அப்பா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. விருந்தாளி மாதிரி நடந்துகொண்டார், அவ்வளவுதான். தண்ணீர் கொண்டுபோனால் "இருக்கட்டும் கண்ணு, பொறகு குடிச்சுக்கறேன்" என்பார். என் வீட்டுக்காரர் தலையணையைச் சரிசெய்யப் போனால் "பரவாயில்லீங்க மாப்ள, நீங்க எதுக்குங்க" என்று அந்த உடம்போடு எழுந்து உட்காரப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு எதுவுமில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்காக வாரத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் பெண் ஸ்கூட்டரில் வருவாள். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் உயிர் போகிற வலி. அப்பா சொல்கிற எண்ணை வைத்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று டாக்டரிடம் பேசுவாள்.

"ஐயா, இன்னைக்கு வலி பத்துக்கு எத்தனைங்க?"

"நீ டீ குடிச்சயா கண்ணு? இத்தாந்தூரம் மழைல வந்திருக்கற."

"குடிச்சுட்டேனுங்கய்யா. எத்தனைங்க?"

"ரண்டு இருக்கும்."

எல்லா வாரமும் இதே பேச்சுத்தான், இதே இரண்டுதான். ஒருநாள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவள் என்னிடம் கேட்டாள். "ஏனுங்கக்கா, ஐயாவுக்கு நெசமாவே ரண்டுதானுங்களா? இந்த நோவுக்கு ரண்டுங்கறது ரொம்பக் கம்மிங்க. வேணும்னா அடுத்த மாத்திரை ஆரம்பிச்சரலாம்."

அடுத்த மாத்திரை என்று அவள் சொன்னது மார்ஃபின். அந்தப் பெயருக்கே எனக்குப் பயம். அது வீட்டுக்குள் வந்துவிட்டால் அப்பா மயங்கியே கிடப்பார், பேச்சு நின்றுவிடும், அப்புறம் எல்லாமே முடிந்துவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்படியில்லை என்று விளக்கிச் சொன்னாள். காது கேட்டது, மனசு கேட்கவில்லை. "அவரு ரண்டுன்னுதானுங்க சொல்றாரு" என்றேன். பத்துக்கு இரண்டு வாங்கிக்கொண்டு எந்தப் பையன் வந்து நின்றாலும் துருவித் துருவிக் கேட்கிறவள் நான். அப்பாவின் இரண்டை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு நிம்மதி இருந்தது.

அந்த நாட்களில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா ஊரிலிருந்து வரும்போது ஒரு புதுச் சென்னிமலைப் போர்வையைக் கொண்டுவந்திருந்தார். ஆரஞ்சுக் கரை போட்ட பச்சைப் போர்வை. வந்து ரொம்ப நாள்கூட ஆகவில்லை, அதன் ஓரமெல்லாம் முறுக்கிக்கொண்டு நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்தது. துவைத்துக் காயப்போடும்போது எனக்குக் கோபம் வந்தது. "என்னுங்கப்பா போர்வை இது? பத்துத் தண்ணி தாங்கல, இப்படிப் பிரியுது. உங்க ஊர்க்காரங்க நல்லா ஏமாத்திப் போட்டாங்க" என்று சத்தம் போட்டேன். சென்னிமலைப் போர்வையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அப்பா விடமாட்டார். கல்யாண வீட்டில்கூட அதற்காக வாக்குவாதம் செய்திருக்கிறார். அன்றைக்கு, "ஆமா கண்ணு, இப்பல்லாம் நூலு சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கார்த்திகை பிறந்ததும் என் பல் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் வருவதில்லை என்று முடிவுசெய்துவிட்டது. கன்னம் வீங்கியது. பேப்பர் திருத்த உட்கார்ந்தால் எண்கள் நகர்ந்தன. ஒரு சனிக்கிழமை, வீட்டுக்காரரை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

"எங்க கண்ணு பொறப்பட்டுட்ட?" என்று அப்பா கேட்டார்.

"பல்லுக் காட்டப் போறேனுங்கப்பா."

"நோகுமா?"

"இல்லீங்கப்பா. ஊசி போட்டு மரத்துப்போக வெச்சுருவாங்க. ஒண்ணுமே தெரியாது" என்றேன். வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அந்தக் கிளினிக் இருந்தது. படியெல்லாம் தேங்காய் பன் வாசம். டாக்டர் சின்னப் பெண். என்னிடம் படித்த பிள்ளைகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, இத்தனை நாள் என்னுங்க பண்ணுனீங்க?" என்றாள்.

"சும்மா இருந்தேனுங்க."

"நரம்பு நல்லாப் புண்ணாயிருச்சுங்க. வேர் சிகிச்சை பண்ணீரலாம். பல்லு தப்பிச்சுக்கும்."

"எனக்கு ஊசி போட்டா மரக்காதுங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை இப்படி நிற்கிறாளே என்று என் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது. "சிலருக்கு அப்படி ஆகறதுண்டுங்க. பல்லு ரொம்பப் புண்ணா இருந்தா ஒரு ஊசி பத்தாது. அப்ப இன்னொண்ணு போடுவேன். வாயில எல்லாத்தையும் வெச்சுட்டா உங்களால பேச முடியாது. அதனால வலிச்சா இடது கையத் தூக்குங்க. அந்த நிமிசமே நிறுத்தீருவேன்" என்றாள்.

ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் பாதி உதடு தடித்து என்னுடையது இல்லாமல் போனது. பாதி நாக்கும் போனது. "மரத்துப்போச்சுங்களா?" என்று குனிந்து கேட்டாள்.

உதடு மரத்திருந்தது. பல் மரக்கவில்லை. உள்ளே அது தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. இதைச் சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். வெளியே ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டு காத்திருந்தது. இந்தப் பெண் எனக்காக நின்றுகொண்டே இருந்தாள். அவ்வளவு வாஞ்சையாகக் கேட்கிறாள். அவளிடம் போய் நீ போட்ட ஊசி சரியில்லை என்பதா?

"ஆச்சுங்க" என்றேன்.

எங்கள் ஊர் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். டவுன்பஸ்சில் ஒருத்தன் காலை மிதித்துக்கொண்டு நின்றால், மிதிபட்டவர் "பரவாயில்லீங்க" என்று முந்திக்கொண்டு சொல்லி, அவன் மனம் நோகாமல் காலை மெல்ல உருவிக்கொள்வார். கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்திருப்பார்கள். சமையல்காரர் வந்து கேட்டால் பந்தி முழுக்க "நல்லா இருக்குதுங்க" என்று தலையாட்டும். பிரியமாகக் கேட்கிற ஒருவரிடம் 'இல்லை' என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. அது மரியாதை என்றுதான் நான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

முதலில் மெஷின் சத்தம் மட்டும்தான் இருந்தது. ஸ்டேஷனில் ஏதோ ஒரு ரயில் தாமதமாக வருவதைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மொழி முடிவதற்குள் மெஷின் நரம்பைத் தொட்டது. அந்த வலியை நான் எதற்கும் ஒப்பிட விரும்பவில்லை. பிரசவத்தைவிடச் சின்னது, ஆனால் தப்பிக்க இடமில்லாதது. கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கை எழவில்லை. மடியில் கிடந்த முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம்தானே, முடித்துவிடுவாள், பொறுத்துக்கொள்ளலாம் என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொன்னது.

மெஷின் நின்றது. "அக்கா, கண்ணுல தண்ணி வருதுங்களே. வலிக்குதுங்களா?"

"பரவாயில்லீங்க" என்றேன். குழாயும் பஞ்சும் இருந்த வாயிலிருந்து அது "அயவாயிய்யீங்ங" என்று வந்தது.

அவள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். அப்போதுதான் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தேன். நல்ல கோபத்தில் இருந்தாள். "என்னுங்கக்கா நீங்க? வலிக்குதுன்னா மருந்து பத்தலைன்னு அர்த்தம். மருந்து எங்கிட்ட இருக்குது. நீங்க பொறுத்துக்கிட்டா எனக்கு என்னுங்க ஆகப்போகுது? மரத்துப்போச்சான்னு உங்களத்தான கேக்க முடியும்? நீங்க ஆச்சுன்னு சொன்னா அத நம்பித்தானுங்க நான் கைய வெக்கோணும்."

இன்னொரு ஊசி எடுத்து நேராகப் பல்லுக்குள்ளேயே போட்டாள். சுருக்கென்று ஒரு கணம் உயிர் போய் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அத்தனை நாள் துடித்த பல் இருந்த இடம் வெறுமனே அமைதியாகக் கிடந்தது. "இப்ப நெசமாவே மரத்துப்போச்சுங்களா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் மெஷினைத் திரும்ப எடுத்தாள். இத்தனை வருட நம்பிக்கை பொய்யாகிப்போனதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்படத்தான் கண்ணை இறக்கி மூச்சு விட்டேன்.

மடியில் என் முந்தானை கிடந்தது. ஓரம் கயிறாக முறுக்கி, விளிம்பில் இரண்டு இழை பிரிந்து தொங்கியது. அந்த முறுக்கை நான் பார்த்திருக்கிறேன். வாரா வாரம் எங்கள் மாடிக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன்.

சென்னிமலை நூலில் ஒரு குறையும் இல்லை.

அவள் மறுபடியும் நிறுத்திவிட்டாள். "இன்னும் வலிக்குதுங்களா?" இல்லை என்று தலையசைத்தேன். உண்மையாகவே வலிக்கவில்லை. கண்ணீர் மட்டும் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு டிஷ்யூவை என் கையில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஆட்டோவில் வீடு வரும்போது தூறிக்கொண்டிருந்தது. பாதி முகம் மரத்திருந்ததால் அந்தப் பக்கம் விழுந்த தூறல் தெரியவில்லை. மருந்து இவ்வளவு தூரம் செய்யும், ஒரு ஊசி பத்தாவிட்டால் இன்னொன்று இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பல் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மாத்திரையைப் பற்றிய அந்தப் பழைய பயம் போய்விடவில்லை. அது ஒரு பக்கம் அப்படியேதான் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து என் கோணல் வாயைப் பார்த்ததும் ஏதோ கேலி சொல்ல வந்தார். என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். நான் முன் ரூமுக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவின் விரல்கள் போர்வையின் ஓரத்தில் இருந்தன. என்னைக் கண்டதும் போர்வையை விட்டுவிட்டு உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.

"வந்துட்டயா கண்ணு? நொந்துச்சா?"

இல்லீங்கப்பா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம் அப்படி. நான் அவரிடமும் அவர் என்னிடமும் வலியைச் சொல்லி எனக்கு நினைவில்லை. நான் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து போனில் "நல்லா இருக்கறயா கண்ணு", "நல்லா இருக்கறேனுங்கப்பா" என்பதைத் தவிர நாங்கள் வேறொன்றும் பேசியதில்லை.

"நொந்துச்சுங்கப்பா" என்றேன். "உசுரே போயிருச்சு. மரக்கவே இல்ல. கேட்டாங்க, ஆச்சுன்னு பொய் சொல்லிப்போட்டேன்."

அப்பா என்னையே பார்த்தார். "ஏங்கண்ணு, சொல்லீருக்கலாமல்ல? சொன்னா ஏதாச்சும் பண்ணியிருப்பாங்களே" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு பதற்றத்தை நான் கேட்டதே இல்லை.

"பொறகு பண்ணுனாங்கப்பா. இன்னொரு மருந்து போட்டாங்க. நின்னுபோச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "உங்களுக்கு எப்படிங்கப்பா இருக்குது?"

"எனக்கென்ன கண்ணு. பரவா..."

"பேச வேண்டாங்கப்பா" என்றேன். "பேசுனா நம்ம ரண்டு பேருக்கும் பொய்யுதான் வருது. அங்க வாயத் தொறந்துட்டுப் பேச முடியாதுன்னு, வலிச்சா இடது கையத் தூக்கச் சொன்னாங்க. அந்த மாதிரி நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நோவு தாங்க முடியலைன்னா கைய மட்டும் தூக்குங்க."

அப்பா மேலே ஓடாமல் நின்ற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ, அவர் மனம் புண்பட்டுவிட்டதோ என்று தோன்றியது. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது போர்வை அசைந்தது. அதற்கடியிலிருந்து இடது கை வந்தது. மெலிந்து, ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போன கை. அது மெல்ல மேலே எழுந்து நின்றது. அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் போனை எடுத்து நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டேன். பாதி வாயால் பேசியது அவளுக்கு முதலில் புரியவில்லை. "யாருங்க? அக்காங்களா? என்னுங்க ஆச்சு?" என்றாள். ஐயாவுக்கு அந்த மாத்திரை வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சரீங்கக்கா, டாக்டருகிட்ட இப்பவே பேசறேன். ஐயா பத்துக்கு எத்தனைன்னு சொல்றாருங்க?"

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். அப்பா இன்னும் கையை இறக்கவில்லை.